காலி சாக்கெட்டுகளின் காலம்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. அதன் மூடியைத் திறந்தால் மதர்போர்டில் பல இடங்கள் காலியாகத் தெரியும். 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய இன்டெல் 8088 பிராசஸருக்குப் பக்கத்தில் 40 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் சும்மா இருந்தது. கணக்கு வேலைகளை விரைவாக்கும் 8087 சிப்பைப் பின்னாளில் வாங்கிச் செருகுவதற்கான இடம் அது. மெமரி சிப்புகளுக்கு நான்கு வரிசைகள் இருந்தன. அடிப்படை மாடலில் ஒரு வரிசை மட்டுமே நிரம்பியிருந்தது. கூடுதல் கார்டுகளுக்கு ஐந்து ஸ்லாட்டுகள். இப்போது கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு மெஷின், வசதி வந்த பிறகு மீதி என்ற எண்ணத்தோடுதான் புளோரிடாவின் போக்கா ரட்டோனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு அந்தப் போர்டை வடிவமைத்தது.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் ஐபிஎம் செய்தது. போர்டின் சர்க்யூட் படங்களையும், மெஷினை எழுப்பும் பயாஸ் புரோகிராமின் முழு வரிகளையும் தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு விற்றது. யார் வேண்டுமானாலும் அந்தப் போர்டுக்குக் கார்டு செய்யலாம் என்றாயிற்று. அப்கிரேடு என்ற வியாபாரத்துக்கு அங்கேதான் விதை விழுந்தது.

முதல் போர்டுகளை அடையாளம் காண்பது இன்றைக்கும் எளிது. போர்டின் மேல் வெள்ளை எழுத்தில் ‘16-64 கிலோபைட்’ என்றோ ‘64-256 கிலோபைட்’ என்றோ அச்சிட்டிருக்கும். முன்னது பழையது, பின்னது 1983 வாக்கில் வந்தது. அடுத்துப் பார்க்க வேண்டியது பயாஸின் தேதி. 1981 ஏப்ரல் 24, 1981 அக்டோபர் 19, 1982 அக்டோபர் 27 என்று மூன்று தேதிகள் உண்டு. முதல் இரண்டும் 544 கிலோபைட்டுக்கு மேல் மெமரியை ஏற்காது. ஹார்டு டிஸ்க் கார்டின் மேல் உள்ள ரோம் சிப்பையும் கண்டுகொள்ளாது. எவ்வளவு செலவழித்துக் கார்டு வாங்கினாலும் பயாஸ் சிப்பை மாற்றாமல் பயன் இல்லை. போர்டின் பிறந்த தேதி தெரியாமல் அப்கிரேடில் இறங்கக் கூடாது என்ற பாடம் இந்தத் தொழிலின் முதல் வருடங்களிலேயே வந்துவிட்டது.

கார்டு வியாபாரத்தில் கலிபோர்னியாவின் ஏஎஸ்டி ரிசர்ச் முந்திக்கொண்டது. பாகிஸ்தானில் பிறந்த சஃபி குரேஷி, ஹாங்காங்கில் பிறந்த ஆல்பர்ட் வோங், தாமஸ் யுவன் ஆகிய மூவரும் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களின் ‘சிக்ஸ்பேக் பிளஸ்’ கார்டு 384 கிலோபைட் மெமரி, பேட்டரியில் ஓடும் கடிகாரம், பிரிண்டர் போர்ட், சீரியல் போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஸ்லாட்டில் கொடுத்தது. போர்டின் 256 கிலோபைட்டோடு அதைக் கூட்டினால் 640 கிலோபைட். டாஸ் காலத்தின் உச்சவரம்பு அதுதான்.

சிலர் பிராசஸரையே மாற்றினார்கள். 8088 இருந்த சாக்கெட்டில் அப்படியே பொருந்தும் வி20 சிப்பை ஜப்பானின் என்இசி 1984-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும், வேகம் கூடும். சிப்புக்குள் பொதிந்திருக்கும் கட்டளைகளான தன் மைக்ரோகோடு திருடப்பட்டது என்று இன்டெல் குற்றம் சாட்ட, விஷயம் நீதிமன்றம் போனது. மைக்ரோகோடுக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் என்இசி அதை மீறவில்லை என்று 1989-இல் தீர்ப்பு வந்தது.

1984-இல் வந்த ஐபிஎம் ஏடி மெஷினின் கதை இன்னும் சுவையானது. அதன் 80286 பிராசஸர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. வேகத்தைத் தீர்மானித்தது 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று. அதுவும் சாக்கெட்டில்தான் இருந்தது. சில டாலர் கொடுத்து 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வாங்கி மாற்றியவர்களுக்கு மெஷின் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஐபிஎம் இதை ரசிக்கவில்லை. பின்னர் வந்த பயாஸில் வேகத்தை அளக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்து, அளவுக்கு மீறி ஓடும் மெஷின் எழாதபடி தடுத்தது.

அதற்குள் போர்டு செய்யும் வேலையே ஐபிஎம்மின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஐபிஎம்மின் வரிகளைத் தொடாமல் அதே வேலையைச் செய்யும் பயாஸை ஃபீனிக்ஸ் நிறுவனம் 1984 முதல் யாருக்கும் விற்றது. ஏடி போர்டில் பரவிக் கிடந்த ஏராளமான சிப்புகளின் வேலையை சிப்ஸ் அண்ட் டெக்னாலஜிஸ் நிறுவனம் ஐந்தே சிப்புகளில் அடக்கியது. ‘சிப்செட்’ என்ற அந்தத் தொகுப்பும் பயாஸும் கடையில் கிடைத்த பிறகு போர்டு செய்யப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவைப்படவில்லை. கிகாபைட், எம்எஸ்ஐ, ஈசிஎஸ், ஏசுஸ் என்று தைவானில் நிறுவனங்கள் முளைத்தன. பெயரே அச்சிடாத போர்டுகளும் லட்சக்கணக்கில் கப்பலேறின. சென்னை ரிச்சி தெருவில் 90-களில் ‘அசெம்பிள்டு’ கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் மேஜைக்கு வந்ததும் இந்தப் போர்டுகள்தான்.

பெயர் இல்லாத போர்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பழுது பார்ப்பவர்கள் இதற்கு ஒரு வரிசை வைத்திருந்தார்கள். மெஷினைப் போட்டதும் திரையின் அடியில் ஒரு நீண்ட எண் வரும். அவார்டு நிறுவனத்தின் பயாஸ் என்றால் அதில் தேதிக்கு அப்பால் வரும் முதல் ஐந்து எழுத்துகள் சிப்செட்டைக் குறிக்கும்: ‘2ஏ59சி’ என்றால் இன்டெல் 430எஃப்எக்ஸ், ‘2ஏ59ஜி’ என்றால் 430விஎக்ஸ். அடுத்த இரண்டு தயாரிப்பாளரின் குறி: ‘ஏ0’ ஏசுஸ், ‘ஜி0’ கிகாபைட். ஏஎம்ஐ பயாஸ் காட்டும் எண்ணிலும் இப்படி ஒரு தயாரிப்பாளர் எண் ஒளிந்திருக்கும். அந்த ஏஎம்ஐ, சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம். சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு.

திரையே வராத போர்டு என்றால் சிப்புகளின் முதுகைப் படிக்க வேண்டும். ‘9542’ என்று இருந்தால் அந்தச் சிப் 1995-இன் 42-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. போர்டிலேயே மிகப் பிந்திய தேதி எந்தச் சிப்பில் இருக்கிறதோ, போர்டு அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. பயாஸ் சிப்பின் மேல் உள்ள ஸ்டிக்கரை மட்டும் உரிக்கக் கூடாது. அதன் அடியில் கண்ணாடி ஜன்னல் இருந்தால், புற ஊதா ஒளி பட்டு உள்ளே இருப்பது நாளடைவில் அழிந்துவிடும்.

ஏமாற்றும் இருந்தது. ‘விஎக்ஸ் ப்ரோ’, ‘டிஎக்ஸ் ப்ரோ’ என்று இன்டெல் பெயரை நினைவூட்டும் எழுத்துகளை வேறு நிறுவனச் சிப்புகளின் மேல் அச்சிட்டு விற்றார்கள். சில மலிவான 486 போர்டுகளில் கேஷ் மெமரி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். கேஷ் இருப்பதாகத் திரையில் காட்டும்படி பயாஸையும் திருத்தியிருந்தார்கள்.

அப்கிரேடு வியாபாரம் உச்சத்தைத் தொட்டது 486 காலத்தில்தான். 1991-இல் வந்த 486எஸ்எக்ஸில் கணக்குப் பகுதி வேலை செய்யாது. அதற்குத் துணையாக விற்ற 487எஸ்எக்ஸ் உண்மையில் ஒரு முழு 486 பிராசஸர். செருகியதும் பழைய சிப்பை முடக்கிவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது. பிறகு இன்டெல் ‘ஓவர்டிரைவ்’ என்ற அப்கிரேடு சிப்புகளை விற்றது. 1995-இல் ஏஎம்டியின் 133 மெகாஹெர்ட்ஸ் 5எக்ஸ்86 வந்தபோது பழைய 486 போர்டுகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. போர்டில் வேகப் பெருக்கத்தைத் தீர்மானிக்கும் ஜம்பரை இரண்டு மடங்கு என்று வைத்தால் அந்தச் சிப் அதை நான்கு மடங்காக எடுத்துக்கொள்ளும். போர்டின் 33 மெகாஹெர்ட்ஸ் 133 ஆகிவிடும். ஆனால் அதற்கு வேண்டியது 3.45 வோல்ட். 5 வோல்ட் மட்டும் தரும் பழைய போர்டில் நேராகச் செருகினால் சிப் போய்விடும். இடையில் வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் தேவை. பவர் வயர்களிலும் ஆபத்து இருந்தது: ஏடி போர்டில் இரண்டு கனெக்டர்களின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டே கருகும்.

1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் வடிவத்தைக் கொண்டுவந்தது. பவர் கனெக்டர் ஒரே பக்கமாகத்தான் பொருந்தும் என்றானது. ஜம்பர்கள் மெல்ல மெல்ல பயாஸ் மெனுவுக்குள் போயின. விலைகள் சரிந்தபோது, ஒரு சிப்பை மாற்றுவதைவிடப் போர்டையே மாற்றுவது லாபம் என்றாகிவிட்டது.

இன்று அந்தப் போர்டுகளைத் தின்பது அவற்றின் பேட்டரிதான். 286 முதல் 486 வரையிலான பல போர்டுகளில் கீபோர்டு கனெக்டர் அருகே 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கசியும் காரம் செம்புத் தடங்களை அரித்துவிடும். வேறு சில போர்டுகளில் டல்லாஸ் கடிகாரச் சிப்புக்குள்ளேயே லித்தியம் செல் அடைபட்டிருக்கும். அது தீர்ந்தால் செட்டிங்ஸ் எதுவும் நிற்காது.

பரணில் அப்படி ஒரு போர்டு கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் எடுத்துப் பாருங்கள். முதலில் அந்தப் பேட்டரியை வெட்டி எடுங்கள். பச்சை படிந்த இடத்தை வினிகரால் துடைத்து, தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். எல்லா எழுத்துகளும் தெரியும்படி இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பயாஸ் சிப்பில் உள்ளதை நகலெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்குங்கள். வேகமான சிப்பைத் தேடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.