கரப்பான்: ஒளிவதால் அமைந்த பெயர்

நள்ளிரவில் சமையலறை விளக்கைப் போட்டதும் மேடையின் விளிம்புக்கும் தொட்டியின் அடிக்கும் ஓடி மறையும் பூச்சியைத் தமிழகத்தில் பெரும்பாலோர் கரப்பான் பூச்சி என்கிறார்கள். பேச்சில் அது கரப்பு என்றும் சுருங்கும். சில ஊர்களில் பாச்சை, பாச்சா என்பார்கள். இலங்கைத் தமிழில் கரப்பொத்தான். இவற்றுள் கரப்பான் என்ற சொல்லைத் தனியே எடுத்து ஆராயக் காரணம் உண்டு. அருவருப்பூட்டும் உயிர் ஒன்றுக்குப் பெயரிடும்போது மனிதர்கள் அதன் தோற்றத்தையோ நாற்றத்தையோ சுட்டுவது வழக்கம். தமக்கு ஆகாத அண்டை நாட்டின் பெயரை அதன்மேல் ஏற்றுவதும் உண்டு. கரப்பான் என்ற பெயர் இந்த வழிகளில் செல்லாமல் அந்தப் பூச்சியின் நடத்தையைச் சொல்கிறது. ‘ஒளிவது’ என்பதே அதன் பொருள் என்பது இக்கட்டுரையின் முடிபு. அந்தப் பொருளை மறந்துவிட்டுத்தான் இன்று நம் வீடுகளில் மருந்தடிக்கிறோம். அதனால் பணம் செலவாகிறதே தவிரப் பூச்சி ஒழிவதில்லை என்பது அதிலிருந்து பிறக்கும் இரண்டாவது முடிபு.

கர என்பது தமிழின் பழைய வினைகளுள் ஒன்று. ஒன்றை மறைத்தல், தானே மறைதல் என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. வஞ்சத்தைக் குறிக்கும் கரவு, திருட்டைக் குறிக்கும் கரவடம், ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை மறைத்துவைக்கும் கரந்துறைப்பாட்டு எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. நஞ்சுள்ள பாம்பு ஒளிந்து வாழ்வதைச் சொல்ல மூதுரை ஆளும் வினையும் இதுவே. ஆகவே ஓர் உயிர் பதுங்குவதைக் குறிக்க இந்த வினை புதிதாக வளைக்கப்படவில்லை. திருக்குறளின் இரவு, இரவச்சம் ஆகிய அதிகாரங்களில் கரப்பு என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளதை இல்லையென்று ஒளித்துக்கொள்வதை அது அங்கே குறிக்கிறது. இரவச்சத்தில் கரப்பார் என்ற வடிவமும் உண்டு. இரப்பார் என்பதற்கு ஒருமை இரப்பான் என்றால், கரப்பார் என்பதற்கு ஒருமை கரப்பான். வள்ளுவர் மனிதர்க்கு ஆண்ட வடிவமும் நம் சமையலறைப் பூச்சியின் பெயரும் இலக்கண அமைப்பில் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உயர்திணைக்குரிய ஆன் ஈறு பூச்சிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கரையான், பூரான், ஓணான் என்று வீட்டைச் சுற்றி வாழும் சிற்றுயிர்கள் பலவற்றின் பெயர்கள் அப்படித்தான் முடிகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கரப்பான் என்பது ஒரு தோல்நோயின் பெயரும்கூட. குழந்தைகளுக்கு வரும் சிரங்கையும் படையையும் கரப்பான் என்பார்கள். சோளம், கம்பு, வாழைக்காய், பாகற்காய் முதலியவற்றைக் கரப்பான் பண்டங்கள் என்று சித்த மருத்துவப் பத்தியம் விலக்கும். பூச்சி ஊர்ந்த இடத்தில் தோல் தடிக்கும் என்ற நம்பிக்கை ஊர்களில் இருப்பதால், நோயின் பெயரே பூச்சிக்கு ஏறியது என்று ஒருவர் வாதிடலாம். இந்த வாதத்தை மலையாளம் பலவீனமாக்குகிறது. அங்கே கரப்பன் என்ற சொல் தோல்நோயை மட்டும் குறிக்கிறது. பூச்சிக்குப் பாற்ற என்றும், மலபார்ப் பகுதியில் கூற என்றும் வேறு பெயர்கள். நோய்ப்பெயர் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அது பூச்சிக்கும் பரவிவிடுவதில்லை என்பது இதனால் தெரிகிறது. இன்னொரு சான்று தமிழுக்குள்ளேயே இருக்கிறது. பூச்சியைப் பேச்சில் கரப்பு என்றும் சொல்கிறோம். அது கர என்ற வினையின் தொழிற்பெயரோடு எழுத்து மாறாமல் பொருந்துகிறது. நோயும் பூச்சியும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்த பிறகு, இதனால் அது வருகிறது என்ற நம்பிக்கை வளர்ந்திருக்கும் என்று கொள்வதே இயல்பு. பெயர் ஒற்றுமை நம்பிக்கையைப் பிறப்பிப்பது மொழிகளில் அடிக்கடி நடப்பது.

மற்றப் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாச்சை என்பது சில்வண்டையும் புத்தகங்களை அரிக்கும் பூச்சியையும்கூடக் குறிக்கும் பரந்த பெயர். பாய்தல் என்ற வினையோடு அதை இணைத்துப் பார்ப்பது பொருத்தமாகவே இருக்கிறது. துணி அலமாரியில் போடும் வெள்ளை உருண்டைக்குப் பாச்சா உருண்டை என்ற பெயர் வந்ததும் இந்தப் பரந்த பொருளால்தான். மலையாளத்தின் பாற்ற பறத்தலைக் குறிக்கும் வேரோடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது; விளக்கைச் சுற்றும் பூச்சிகளையும் அது குறிக்கும். இலங்கையின் கரப்பொத்தானுக்குச் சிங்களத்தின் கெரபொத்தா மிக நெருக்கமானது. இரு மொழிகளும் நூற்றாண்டுகளாக ஒரே தீவில் அடுத்தடுத்து வாழ்வதால் அந்த நெருக்கத்தில் வியப்பில்லை. மரத்தின் பொந்தைப் பொத்து என்றும் சொல்வதால், பொந்தில் ஒளிவதே கரப்பொத்தான் என்று பிரித்துக்காட்ட ஆசை எழும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகச் சொல்லை வெட்டுவது ஆராய்ச்சி ஆகாது; கர என்ற வேருக்குக் கரப்பார் போன்ற இலக்கியச் சான்று இருப்பதுபோல் பொத்து என்ற பிரிப்புக்கு இல்லை. பாச்சை பூச்சியின் ஓட்டத்தைப் பார்த்தது, பாற்ற அதன் சிறகைப் பார்த்தது, கரப்பான் அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயரின் தகுதி மற்ற மொழிகளோடு ஒப்பிட்டால் விளங்கும். ஸ்பானிய மொழியின் குக்கராச்சா ஆங்கிலேயர் காதில் விழுந்து, ஜான் ஸ்மித் 1624-ல் வெளியிட்ட அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றில் ஒரு வடிவம் பெற்றது. பிறகு சேவலையும் ஒரு மீனையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சாயலில் அது காக்ரோச் ஆனது. அந்தப் பெயரிலிருந்து பூச்சியைப் பற்றி எதையும் அறிய முடியாது. இயற்கையியலர் லின்னேயஸ் 1758-ல் பெரிய செந்நிறக் கரப்பானுக்கு அமெரிக்காவின் பெயரையும், 1767-ல் சிறிய கரப்பானுக்கு ஜெர்மனியின் பெயரையும் இட்டார். முன்னது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு கப்பல்கள் வழியே உலகெங்கும் பரவியது. பின்னதை ரஷ்யர்கள் பிரஷ்யாவின் பெயராலும், ஜெர்மானியர்கள் ரஷ்யாவின் பெயராலும் அழைத்திருக்கிறார்கள். 2024-ல் வெளிவந்த மரபணு ஆய்வு, 17 நாடுகளிலிருந்து எடுத்த பூச்சிகளை ஒப்பிட்டு, இந்த ‘ஜெர்மானிய’ கரப்பான் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்று காட்டியது. ஐரோப்பாவை அது எட்டியது சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்புதான். இடத்தைப் பழிக்கும் பெயர்கள் இவ்வாறு பொய்த்தன. நடத்தையைச் சொன்ன பெயரோ நிலைத்தது. ரோமக் கவிஞர் வெர்ஜில் ஜார்ஜிக்ஸ் நூலில் தேன்கூட்டுக்குள் புகும் பூச்சிகளை ஒளிக்கு அஞ்சி ஓடுபவை என்று அடைமொழி தந்து சொல்கிறார். அவர் ஆண்ட பிளாட்டா என்ற பெயரே இன்று இந்தப் பூச்சி இனத்தின் அறிவியல் பெயர்களில் வாழ்கிறது.

தேளும் பூரானும்கூட ஒளிகின்றனவே, இதற்கு மட்டும் அந்தப் பெயர் ஏன் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு விடை அந்த ஆசியக் கரப்பானிடமே இருக்கிறது. அது வயல்களிலும் உதிர்ந்த இலைகளுக்கிடையிலும் வாழ்வது. வளர்ந்ததும் விளக்கொளியை நோக்கிப் பறந்துவரும். அதிலிருந்து பிரிந்து மனிதரின் வீட்டுக்குள் குடியேறியது வெளிச்சத்தைக் கண்டால் ஓடுகிறது. ஆக, இந்தக் குடும்பத்தில் ஒளிவது என்பது வீட்டு வாழ்க்கையோடு சேர்ந்துவரும் குணம். பெயரிட்ட மக்கள் பார்த்ததும் வீட்டுப் பூச்சியைத்தான். அதன் உடலே ஒளிவதற்கென்று அமைந்தது. முதுகும் வயிறும் ஒருசேர உரசும் இடுக்கில்தான் அது அமைதி கொள்ளும். வளர்ந்த பெரிய கரப்பான்கூட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பிளவில் நுழைந்துவிடும் என்று 2016-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. வாலருகே உள்ள இரண்டு உணர்கொம்புகள் காற்றின் சிறு அசைவையும் உணர்ந்துவிடுவதால், ஓங்கிய துடைப்பம் இறங்குமுன் அது திரும்பி ஓடத் தொடங்கியிருக்கும். அதன் எச்சத்தின் மணம் மற்றவற்றையும் அதே இடுக்குக்கு அழைக்கிறது. தேள் தனியே ஒளியும். கரப்பான் கூட்டமாக, தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் ஒளியும்.

நம் வெப்ப நாட்டில் இந்தக் குணத்தின் விளைவு பெரிது. குளிர்நாட்டில் சூடான அறையை நாடியிருக்க வேண்டிய பூச்சிக்கு இங்கே ஆண்டு முழுவதும் ஏற்ற சூடு கிடைக்கிறது. முட்டை பொரிவதும் குஞ்சு வளர்வதும் விரைவாகின்றன. நம் வீடுகளில் முக்கியமாக இரண்டு வகைகளை எதிர்கொள்கிறோம். ஒன்று, ஒன்றரை அங்குலம் நீளும் செந்நிறப் பெரிய கரப்பான். அதன் வீடு சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும். குளியலறை வடிகால் வழியாக மேலேறி வரும், புழுக்கமான மாலைகளில் பறக்கவும் செய்யும். மற்றொன்று, அரை அங்குலமே உள்ள வெளிர்பழுப்புச் சிறிய கரப்பான், கழுத்துத் தகட்டில் இரண்டு கருங்கோடுகளோடு இருப்பது. அது வெளியிலிருந்து தினமும் வருவதில்லை; குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார்ப் பக்கம், மிக்சியின் அடிப்பாகம், மேடைக்கடி அலமாரியின் கீல்கள் என்று வீட்டுக்குள்ளேயே குடியிருப்பது. ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை சுமந்து, பொரியும் தறுவாயில்தான் அதை இறக்கும். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகிக் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது உறுதியான மருத்துவ அறிவு. ஆகவே இதை வெறும் அருவருப்பாக ஒதுக்க முடியாது.

இங்கேதான் பெயரின் பொருள் நடைமுறைக்கு வருகிறது. கண்ணில் படுவதன்மேல் மருந்தடிப்பது, ஒளிவதை மறந்த வழி. வெளியே தெரிவது கூட்டத்தின் சிறு பகுதி; பகலில் தெரிந்தால் உள்ளே இடம் போதவில்லை என்று பொருள். கடையில் வாங்கும் ஸ்ப்ரே மருந்துகளில் பெரும்பாலானவை பூச்சியை எரிச்சலூட்டி விரட்டுபவை. தப்பியவை இன்னும் ஆழமான இடுக்குக்குப் போகின்றன. தரையில் கோடு கிழிக்கும் மருந்துச் சாக்பீஸும் திறந்த தரையைத்தான் காக்கிறது, பூச்சி அங்கே குடியிருப்பதில்லை. எழுதும் சாக்பீஸ் என்று குழந்தைகள் எடுக்கும் ஆபத்தும் சேர்கிறது. பாச்சா உருண்டையை வடிகாலில் போடுவதால் நாற்றம் மிஞ்சுமே அன்றிச் சாக்கடையில் உள்ள கூட்டம் குறையாது. அந்த உருண்டையின் ஆவி, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள சிசுக்களின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. ஒளிவிடத்தைத் தேடும் வழி வேறு. பெரிய கரப்பானுக்கு வடிகால் வாயில் நெருக்கமான வலையும் நீர்ப்பூட்டும் வேண்டும். குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். சிறிய கரப்பானுக்குக் கீல்களிலும் மூலைகளிலும் பயறளவு ஜெல் மருந்தைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். அதைத் தின்ற பூச்சி இடுக்குக்குத் திரும்பி இறக்கும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். கூடி ஒளியும் குணமே அவற்றுக்கு எதிராக வேலை செய்கிறது. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சி அதை அண்டாது என்பதை மறக்கக் கூடாது. இரவில் தொட்டியைத் துடைத்து உலர்த்துவது இன்னும் முக்கியம். உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் இந்தப் பூச்சி தண்ணீர் இல்லாமல் அத்தனை நாள் தாங்காது.

ஜெல்லும் ஒருநாள் தோற்கும் என்ற மறுப்பு நியாயமானதே. இனிப்பூட்டிய மருந்தைத் தின்னாமல் விலகும் சிறிய கரப்பான்கள் 1990-களிலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டன. குளுக்கோஸ் அவற்றின் நாவில் கசக்கிறது என்பதை 2013-ல் வெளியான ஆய்வு விளக்கியது. ஸ்ப்ரே மருந்துகளுக்கு அவை பெற்றுள்ள எதிர்ப்பு இன்னும் பரவலானது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. மருந்துக்குப் பழகிக்கொள்ளும் இந்த உயிர், இடுக்கு இல்லாமல் வாழப் பழகியதில்லை. மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம். பிளவை அடைப்பதற்கும் ஈரத்தை உலர்த்துவதற்கும் எதிராகப் பூச்சிக்கு வழியில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு மட்டும் இதைச் செய்தால் போதாது என்பதும் இதனோடு சேர்ந்ததே: குழாய்த் தண்டு எல்லாத் தளங்களுக்கும் பொது, ஆகவே அடைப்பதும் பொதுச்செலவாக வேண்டும். மருந்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கொத்தனாருக்கும் குழாய்க்காரருக்கும் ஒதுக்கும் குடியிருப்புச் சங்கம், கரப்பான் என்ற பெயரை இட்டவர்கள் கண்டதையே செயலில் காட்டுகிறது. ஒளிவதை ஒழிக்க வேண்டுமென்றால் ஒளிவதற்கான இடத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும்.