அரைப்பேரும் முழுச் செய்தியும்

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்பது பெயரன்று. ஒரு நாள் கூலி. சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்குச் தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் முழுப்பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வெளிவந்தபோது முகநூலெங்கும் வெற்றிக் களிப்பு. அதன்பின் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய நிறையைக் கூட்டிவிட்டார்கள், எட்டாதவருக்கு அரைப்பேர்தான் என்று தொழிலாளர் முறையிட்டார்கள். முதற் செய்தி பறந்த வேகத்தில் இரண்டாவது பறக்கவில்லை. ஆயிரம் ரூபாய் என்பது எவருக்கும் விளங்கும். அரைப்பேர் தோட்டத்தை அறிந்தவருக்கே விளங்கும்.

இணைய இதழியலின் எதிர்காலம் என்றதும் செயற்கை நுண்ணறிவு, காணொளி, கைபேசி என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அவை வரட்டும். இலங்கை மலையகத்தில் அந்த எதிர்காலம் செக்ரோலை வாசிக்கத் தெரிந்த செய்தியாளரின் கையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு நமக்கொரு முன்னோடி உண்டு. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர், வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போனார். உள்ளே கண்டதை எழுதினார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று ஏடுகள் நடத்தினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கித் தோட்டங்களில் பாடினார். எழுத்தறியாதவரிடம் செய்தி காதுவழி போய்ச் சேர்ந்தது. ஒலிவழி இதழியலைப் புதுமை என்று சொல்லும் இளைஞர்களுக்கு இந்த அம்மையாரைத்தான் முதற் பாடமாக வைக்கவேண்டும். நடேசையரின் வாழ்வைச் சாரல் நாடன் 1988இல் நூலாக்கித் தந்திராவிட்டால் நம்மில் பலருக்கு அவர் வெறும் பெயராகவே இருந்திருப்பார்.

அன்று செய்தியாளர் வேடமிட்டு உள்ளே போனார். இன்று செய்தியாளர் உள்ளேயே பிறந்து வளர்ந்தவர். கைபேசியும் கையில் இருக்கிறது. ஆனால் அவர் குடியிருக்கும் லயத்து அறையான காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், தாயின் பேர் தோட்டச் செக்ரோலில். நிறுவையில் நடக்கும் அநியாயத்தை அவர் படமெடுத்துப் போட்டால், படத்தின் ஓரத்தில் தெரியும் தகரக் கூரையும் லயத்து இலக்கமும் எடுத்தவர் யார் என்பதை வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குச் சொல்லிவிடும். முகத்தை மறைத்தால் போதாது. இடத்தையும் குரலையும் மறைக்கவேண்டும், படக் கோப்பில் தானாகப் பதியும் இடக்குறிப்பை அழிக்கவேண்டும். கொழும்பில் இருந்து எழுதுபவருக்கு இவை தொழில்நுட்ப விவரங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு இவை வீடும் வேலையும்.

செய்தியாளருக்குத் தரும் பயிற்சி எங்கே தவறுகிறது என்பதற்கு மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவு போதும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தையிலுள்ள அத்தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர் நூற்றுக்கணக்கில் என்று முதல் மணித்தியாலங்களில் செய்தி உலகெங்கும் ஓடியது. பின்னர் எண்ணிக்கை பல மடங்கு இறங்கியது. லயத்தில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பதைச் செய்தியாளர் உடனே சரிபார்க்க வழியில்லை. அதைவிடப் பெரிய செய்தி பழைய கோப்பில் கிடந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை ஊரெல்லாம் பேச்சானது சரிவுக்குப் பின்னர்தான். நேரலை செய்யக் கற்பிப்பது ஒரு வாரத்து வேலை. கோப்பைத் தேடி எடுக்கக் கற்பிப்பதற்கு ஓராண்டாவது வேண்டும்.

பழைய ஏடுகளை இணையத்தில் ஏற்றிவரும் 'நூலகம்' நிறுவனத்தின் பணி இவ்விடத்தில் பெரிது. ஒரு சிறிய எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன்: நம் செய்தித் தளங்கள் சில ஒரு காலத்தில் ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் ஏற்றிய பக்கங்களை இன்று தமிழில் எந்தத் தேடுபொறியில் தேடினாலும் அகப்படுவதில்லை. இருந்தும் இல்லாத ஆவணம்!

பிரதேச நிருபரின் கூலியையும் மறைக்கக்கூடாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் அவர், பறித்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் கைக்காசு பெறும் தொழிலாளியைப் போன்றவர். இணையத்தில் அந்த நிறுவை பார்வைக் கணக்காக மாறியிருக்கிறது. பார்வை குறைந்தால் இங்கும் அரைப்பேர்தான். ஆகவே விபத்தும் வெட்டுக்குத்துமே கொழுந்தாகிவிடுகின்றன.

கொழும்பில் 2004 முதல் இலங்கை இதழியல் கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகப் படிப்பு உண்டு. ஆனால் மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்குப் போய்த் தங்கிப் படிக்கக் கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளம் இடங்கொடாது. வகுப்பு அருகிலுள்ள ஹட்டனுக்கு வரவேண்டும். சனி ஞாயிறுகளில் நடக்கவேண்டும். முதல் நாள் கமரா வேண்டாம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சம்பளச் சிட்டை கொண்டுவரட்டும்: எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், தொழிற்சங்கச் சந்தா எவ்வளவு, சேமலாப நிதிக்குப் பிடித்தது எவ்வளவு என்று வரிவரியாக வாசிக்கட்டும். இரண்டாம் நாள் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின்படி தொழில் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்பதை அவர்கள் சொல்லியாகவேண்டும்.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைந்து 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் இளைஞர்கள் இருந்தார்கள். இதை வாசிக்கும் ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, அவர்களுக்காக ஹட்டனில் ஒரு மண்டபத்தையும் பத்துக் கதிரைகளையும் ஏற்பாடு செய்து கொடுங்கள். சம்பளச் சிட்டையை அந்த இளைஞர்கள் கொண்டுவருவார்கள்.