பகடையும் பதவியும்: திருக்கோணமலைக் கடல் தரும் ஒரு பாடம்

மேசையைச் சுற்றியமர்ந்து கற்பனைப் பாத்திரங்களை ஏற்று ஆடும் ஆட்டங்களில், எதிரியின் வலிமையை யார், எதனைக் கொண்டு வரையறுப்பது என்பது அடிப்படைப் பிரச்சினையாகும். எதிரி மிக வலியனாயின் ஆட்டம் முதற்போரிலேயே முடிந்துவிடும். மிக மெலியனாயின் வெற்றிக்குப் பொருளில்லை. இதனை வெறும் பொழுதுபோக்கு நுட்பமென ஒதுக்குதல் பொருந்தாது. இதன் வேர்கள் போர்க்கலையில் உள்ளன. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கின்றது.

பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்விளையாட்டு விதிகளில் வரைபடம், பகடை, இழப்பு அட்டவணை, நடுவர் ஆகிய நான்கும் இடம்பெற்றன. 1876இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணையின் இடத்தில் நடுவரின் அனுபவத்தை அமர்த்தினார். எண்ணின் தீர்ப்புக்கும் மனிதனின் தீர்ப்புக்கும் இடையிலான முரண்பாடு இவ்வாறு கூர்மையடைந்தது.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. முன்னிரவே துறைமுகத்தை விட்டகன்ற ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை; 307 பேர் மாண்டனர். ஆனால், அதே நாளில் கொழும்பிலிருந்து சென்ற ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், குண்டுகள் விழும்வரை கண்டறியப்படாமலே யப்பானிய முதன்மைக் கப்பலான அகாகியை நெருங்கின. குண்டுகள் கப்பலருகே கடலில் வீழ்ந்தன. தாக்கியோருட் பலர் திரும்பவில்லையெனினும், அப்பெருங்கப்பலையும் எதிர்பாராத வேளையில் அணுகலாம் என்பதை அக்கடல் உணர்த்திற்று.

அடுத்த மாதத் தொடக்கத்தில், யமாட்டோ என்ற போர்க்கப்பலில் மிட்வே படையெடுப்புக்கான போர்விளையாட்டு நடத்தப்பட்டது. தரைத்தள விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிகளைத் தாக்குவதாக அதில் ஒரு கட்டம் வந்தது. நடுவர் ஒக்குமியா பகடை உருட்ட, ஒன்பது குண்டுகள் இலக்கைத் தாக்கியதாகவும் அகாகியும் காகாவும் மூழ்கியதாகவும் கணக்கு வந்தது. தலைமை வகித்த அட்மிரல் உகாக்கி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி சிறு சேதத்துடன் பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. இச்செய்தியைத் தருவது ஒக்குமியாவே ஃபுச்சிடாவுடன் இணைந்து எழுதிய நூலாகும். ஃபுச்சிடாவின் வேறு கூற்றுகளைப் பிற்கால ஆய்வாளர் மறுத்துள்ளனராதலின், அந்நூலை எச்சரிக்கையுடன் கையாளல் வேண்டும். ஜூன் 4ஆம் நாள் மிட்வேயில் தாக்கி வெற்றிகண்டவை அமெரிக்க விமானந்தாங்கிகளின் விமானங்களே. எனினும் வெளிப்பட்ட பலவீனம் ஏப்ரலிற் கண்டதுவே: குண்டுவீச்சாளர் தலைக்குமேல் வரும்வரை காணப்படவில்லை. அகாகி, காகா, சோரியூ, ஹிரியூ ஆகிய நான்கும் அழிந்தன. அவற்றுள் காகா நீங்கலான மூன்றும் திருக்கோணமலைத் தாக்குதலிற் பங்குபற்றியவை.

உகாக்கியின் தனிமனித இயல்பைக் கொண்டு மட்டும் இதனை விளக்குதல் போதாதென நாம் கருதுகிறோம். தன்னிலும் உயர்ந்த பதவியினரின் முன்னிலையில் பகடை உருட்டிய நடுவருக்குத் தீர்ப்பைக் காக்கும் அதிகாரம் இருக்கவில்லை. எதிரியின் வலிமை களத்தில் அளக்கப்படவில்லை. படிநிலையின் உச்சியில் நிர்ணயிக்கப்பட்டது.

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இப்போர்விளையாட்டு மரபின் வழித்தோன்றலே. நிலவறையின் ஆழம் கூடக் கூட அரக்கரின் வலிமையும் கூடும் என அது அட்டவணையிட்டது. 1979இல் கைகாக்ஸ் எழுதிய நெறியாளர் கைந்நூல், பகடையின் முடிவை மீறும் உரிமையை நெறியாளருக்கு வழங்கிற்று. 2000இல் வந்த மூன்றாம் பதிப்போ, நால்வர் கொண்ட குழுவை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு சவால் எண்ணை அளித்தது.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு உகாக்கி செய்ததும் நெறியாளர் செய்வதும் ஒன்றெனவே தோன்றும். இரண்டிலும் எண் திருத்தப்படுகின்றது. ஆனால் மேசையில் ஆடுவோர் தம் விருப்பினால் கூடியோர். திருத்தத்தின் பயனையும் பழியையும் அவர்களே அனுபவிப்பர். ஒவ்வாதாயின் எழுந்து செல்லவும் அவர்களால் இயலும். யமாட்டோவின் மேசையிலோ அகாகியின் கொதிகலன் அறையில் உழைத்தோருக்கு இடமிருக்கவில்லை. சமநிலை என்பது எண்களுக்கிடையிலான உறவு மட்டுமன்று; எண்ணை எழுதுவோருக்கும் அதன் விளைவைச் சுமப்போருக்கும் இடையிலான உறவுமாகும். பகடையைத் திருத்தலாமா என்று வினவுமுன், திருத்துவோன் யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறான் என்று வினவுதல் வேண்டும்.