ஐப்பசி மழையும் ஜெபமாலையும்

பெக்கான் நானாஸில் இலையுதிர் காலம் என்பதொன்று இல்லை. இலைதழைகள் மக்கி மண்ணாய்ப் படிந்த சதுப்பு நிலத்தில் அன்னாசி விளையும் ஊர் அது. மலாய் மொழியில் அதன் பெயருக்கு அன்னாசிப் பட்டணம் என்பதே பொருள். ஜொகூரின் பொந்தியான் வட்டாரத்தில் அக்டோபரும் நவம்பரும் வந்தனவென்றால் மாலைதோறும் இடியும் மழையும் வந்தன என்று அறியலாம்; மரங்கள் பச்சையாகவே நிற்கும். ஆயினும் இவ்வட்டாரத்துக் கத்தோலிக்கர், இலைகள் உதிரும் ஐரோப்பாவிலே தோன்றிய இரண்டு பக்தி மாதங்களை இம்மழையில்தான் அனுஷ்டிக்கின்றனர். அக்டோபர் ஜெபமாலை மாதம். நவம்பர் மரித்தோர் மாதம். நம் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் என்க. இவ்விரண்டும் தமிழ் ஏழைகளுக்கு எவ்வாறு உரியவையாயின என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

ஜெபமாலைத் திருநாளின் பிறப்பு யுத்தத்தோடு சம்பந்தப்பட்டது. 1571ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி லெபாந்தோ கடற்போரில் துருக்கியக் கப்பற்படை தோற்றது. அவ்வெற்றியின் ஞாபகமாகப் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் திருநாளொன்றை ஏற்படுத்தினார். 1883இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அக்டோபர் முழுவதையும் ஜெபமாலைக்கென்று ஒதுக்கினார். ஐரோப்பிய மன்னரின் கடற்போருக்கும் பால்மரம் வெட்டும் நம் மக்களுக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமே. உறவு போரில் இல்லை, மணிமாலையில் இருக்கிறது.

மடங்களில் வாழ்ந்த கற்றோர் 150 சங்கீதங்களை ஓதினர். எழுத்தறியாத குடியானவர் அவற்றுக்கு ஈடாக அருள்மரி மந்திரத்தை 150 தடவை சொல்லி, எண்ணிக்கைக்கு மணிகளைத் தொட்டனர் என்பது பழைய மரபு. ஆகவே ஜெபமாலை கல்லாதவரின் சங்கீதப் புஸ்தகம் ஆயிற்று. நம்மவர் அதனை ஐம்பத்துமூன்று மணி ஜெபம் என்பர். பூசையோ 1960கள் வரை லத்தீனில் நடந்தது. முழந்தாளிட்டவருக்குப் பீடத்தில் ஓதப்பட்டது விளங்கவில்லை. ஜெபமாலையோ தமிழில் சொல்லப்பட்டது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சான முதற் புஸ்தகங்களுள் ஒன்று. ஏழைப் பரதவருக்கு ஜெபங்களைத் தாய்மொழியில் கற்பிக்கவே அண்டிரிக் அடிகளார் அதனை ஆக்கினார். நம் மொழி அச்சேறியது அரண்மனைக்காக அன்று என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கடல் கடந்து வந்த தமிழர்க்கு இது பேருதவியாயிற்று. சிங்கப்பூரில் தமிழர்க்கென்று லூர்து மாதா கோயில் 1888இல் எழும்பியது; அவ்வாண்டிலேயே மலாக்கா மேற்றிராசனமும் மறுபடி நிறுவப்பட்டது. ஆனால் நகரத்துக் கோயில் தோட்டத்துக்கு எட்டுமோ? குருவானவர் எப்போதாவது வந்து போகும் லயங்களில், மாலையில் விளக்கேற்றி ஒரு படத்தின்முன் பத்துப்பேர் உட்கார்ந்தால் அதுவே கோயில். குரு வேண்டியதில்லை, லத்தீன் வேண்டியதில்லை. பெண்பிள்ளையே முன்சொல்ல, ஆண்கள் பின்சொல்லலாம். பூசைப் பீடத்தில் பெண்ணுக்குக் கிடையாத தலைமை லயத்து வாசலில் அவளுக்குக் கிடைத்ததை நாம் சிறியதென்று கருதவில்லை. ஒன்று மட்டும் சொல்லுவோம்: கல்லாதவருக்குத் துணையாய்ப் பிறந்த மணிமாலை, அவர் பிள்ளைகள் கல்லாதிருக்கச் சாக்காகலாகாது.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். புரட்டாசி அமாவாசையில் பிதிரரை நினைக்கும் நம் இந்து அன்பர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்து அதிபர் ஓதிலோன் இதனைத் தம் மடங்களில் விதித்தார். 1915இல், உலகப்போர் உயிர்களை அள்ளிய வேளையில், பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அந்நாளில் குருமார் மும்முறை பூசை செய்ய உத்தரவளித்தார். புல் செதுக்கி, பூவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவது நம்மவர் வழக்கம்.

சாவிலாவது சமத்துவம் உண்டோ எனில், தாய்நாட்டில் இல்லை. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்டோரையும் பிரிக்கச் சுவர் எழுப்பினர். வடக்கன்குளத்துக் கோயிலிலும் அத்தகைய தடுப்பு இருந்து, 1910இல் இடிக்கப்பட்டது. இடித்தது பிழையென்று நீதிஸ்தலம் ஏறியவர்களும் இருந்தனர்! செத்த உடலுக்கும் தீட்டுப் பார்த்தவர் எந்தச் சுவிசேஷத்தை வாசித்தனரோ, நாம் அறியோம்.

மலாயாத் தமிழருக்கோ சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இடம் பெறாத ஒரு கூட்டம் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டு சென்றனர். பாதை இரு முனையும் சேர்ந்தது 1943 அக்டோபர் 17ஆம் தேதி, ஜெபமாலை மாதத்தின் நடுவில். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 சமாதிகள் வரிசையாய் அமைந்து இன்றும் பேணப்படுகின்றன. நம்மவரிற் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. காட்டில் எந்தக் குழி யாருடையது என்று காட்டுவாரும் இல்லை.

நவம்பரில் இறந்த தம்மவர் பெயர்களைத் தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்பதும், அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதும் கத்தோலிக்கர் வழக்கம். ‘சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்று பாட்டி சொல்லக் கேட்ட பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மிடை இருக்கின்றனர். அவர்களும் முதுமை எய்திவிட்டனர். இவ்வாண்டுத் தாளில் அப்பெயர்களையும், அவை எம்மதத்தவருடையவை, எச்சாதியாருடையவை என்று கேளாமல், எழுதுமாறு பெக்கான் நானாஸ் வட்டாரத்தாரையும் பிற ஊராரையும் கேட்டுக்கொள்கிறோம். பெயரோடு தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுக.