மன்னார் எலும்புகளும் மாதிரிகளைக் காக்கும் நெறியும்

மனித உடலிலிருந்து பெறப்படும் குருதி, திசு, எலும்பு ஆகியன ஆய்வுகூடத்தை அடைந்ததும் வெறும் மாதிரிகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றை யார் வைத்திருப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது, வேறோர் ஆய்வுக்கு வழங்குவதாயின் எவரது சம்மதம் தேவை என்பவற்றைக் கண்காணிப்பதே மாதிரிச் சேமிப்பு மீதான ஒழுக்கவியல் மேற்பார்வையாகும். இது மருத்துவ அறிஞர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று என்பதை மன்னார் உணர்த்தியுள்ளது.

2018ஆம் ஆண்டு மன்னார் நகரின் சதொச கட்டட வளாகத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதவானின் உத்தரவின் பேரில் நடைபெற்ற அகழ்வில், சிறுவர்களுடையவை உட்பட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அவற்றில் ஆறு மாதிரிகள் 2019 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீற்றா அனலிற்றிக் ஆய்வுகூடத்துக்குக் காபன் பரிசோதனைக்காகக் கொண்டு செல்லப்பட்டன. அவை 15ஆம், 17ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டவை என மார்ச் மாதத்தில் அறிக்கை கிடைத்தது. ஆறு மாதிரிகளைக் கொண்டு முழுப் புதைகுழிக்கும் முடிவு கூறலாமா என்ற கேள்வி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் மத்தியில் எழுந்ததில் வியப்பில்லை.

காபன் பரிசோதனையில் எலும்பின் ஒரு பகுதி அழிக்கப்பட்டே அதிலுள்ள புரதம் பிரித்தெடுக்கப்படுகிறது. அப்பகுதி மீளக் கிடைப்பதில்லை. எனவே எதனை எடுப்பது, மறுபரிசோதனைக்கு எதனை ஒதுக்கி வைப்பது என்பன முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியவை. நீதிமன்றம் சான்றினைப் பாதுகாக்கிறது. வழக்கு முடிந்தபின் எஞ்சியவை ஆய்வுப் பொருளாகலாமா, அன்றி நல்லடக்கம் செய்யப்பட வேண்டுமா என்பது வேறு வினாவாகும். இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் வாழும் மன்னாரில் இவ்வினா எவரையும் தொடாமல் விடாது. கொரோனாவினால் மரணித்தோரின் ஜனாஸாக்கள் 2020இல் கட்டாயமாக எரிக்கப்பட்டமை, இறந்தோரின் உடல் குறித்த தீர்மானத்தில் உறவினரைப் புறந்தள்ளுவது எத்தகைய வடுவை ஏற்படுத்தும் என்பதற்குச் சாட்சியாகும்.

உலக மருத்துவச் சங்கத்தின் தாய்ப்பே பிரகடனம் 2016இல் திருத்தப்பட்டபோது, மாதிரிக் களஞ்சியங்கள் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியுடனேயே அமைய வேண்டும் எனவும், மாதிரி வழங்கியவர் தமது சம்மதத்தை மீளப் பெறலாம் எனவும் வலியுறுத்தியது. இது வெறும் கோட்பாடன்று. நீரிழிவு ஆய்வுக்கெனத் தாம் வழங்கிய குருதி வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டதை அறிந்த அமெரிக்காவின் ஹவசுப்பாய் பழங்குடியினர் வழக்குத் தொடுத்தனர். 2010இல் எட்டப்பட்ட இணக்கத்தின்படி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டொலரை வழங்கியதுடன் எஞ்சிய குருதியையும் திருப்பிக் கொடுத்தது.

இது இறந்தோருக்கு மட்டும் உரிய பிரச்சினையுமன்று. 2016இன் இறுதியில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் மலேரியா பரப்பும் நுளம்பு கண்டறியப்பட்டது. நோய்க் கண்காணிப்புக்காக மக்களிடம் குருதி பெறுவது அவசியமே. ஆயினும், அதனைப் பின்னர் ஆய்வுக்காகச் சேமிப்பதாயின் அதற்கெனத் தனியே சம்மதம் பெறுதல் வேண்டும்.

மனித உடலையும் திசுக்களையும் சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் வழங்குவது தொடர்பாக 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவுகளுக்கு விசேட பாதுகாப்பு அளிக்கிறது. இவற்றுக்கு அமைய, ஒவ்வொரு மாதிரிக்கும் பதிவேடு பேணப்பட வேண்டும். வெளிநாடு செல்லும் மாதிரியில் எஞ்சியதன் கதி எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். அடையாளங் காண்பதற்காக உறவினர் வழங்கும் மரபணு மாதிரி வேறெதற்கும் பயன்படலாகாது. மேற்பார்வைக் குழுவில் உறவினருக்கும் மதத் தலைவர்களுக்கும் இடமளிக்கப்பட வேண்டும்.

2025இல் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்ட நிலையில் இவை மேலும் தாமதிக்கக் கூடியவையல்ல. தம் பிள்ளையைத் தேடும் தாய் அறிவியலை நம்ப வேண்டுமாயின், அவ்வறிவியல் எவருக்குப் பொறுப்புக் கூறுகிறது என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.