கொட்டாம்பட்டித் தராசு

பசித்த பிள்ளைக்குச் சோறு போட ஆராய்ச்சி எதற்கு? கேள்வி நியாயமானதுதான். 1970களின் தமிழ்நாட்டில் யாரும் ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கவும் இல்லை. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் மாநிலத்தில் ஏறத்தாழ 25 ஊட்டச்சத்துத் திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. காமராஜர் தொடங்கிய பள்ளி மதிய உணவு, பால்வாடிகள், வெளிநாட்டு உதவியில் வந்த பால்பவுடர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு கோப்பு. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை தட்டு கழுவப்பட்டது என்பதற்குக் கணக்கு இருந்தது. சாப்பிட்ட பிள்ளை தேறியதா என்ற கணக்குத்தான் இல்லை.

அமெரிக்க அரசின் உதவியோடு சிட்னி கேன்டர் என்பவரின் ஆலோசனை நிறுவனம் தமிழ்நாட்டில் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தி 1973இல் அறிக்கை கொடுத்தது. நெல் வயலில் விளைவதிலிருந்து குழந்தையின் வாய்க்குப் போவது வரை, நடுவில் எங்கெங்கே என்னென்ன ஆகிறது என்று துருவிய ஆய்வு. அதிலும் அதற்குப் பின் வந்த பரிசீலனைகளிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. பிள்ளைகள் அதிகம் நலிவது மூன்று வயதுக்குள். தாய்ப்பால் மட்டும் போதாமல் போய், சோறும் சரியாக இறங்காத அந்த இடைக்காலத்தில். ஆனால் திட்டங்களின் சாப்பாடு போனது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. மையத்துக்கு நடந்து வரத் தெரிந்த பிள்ளை சாப்பிட்டது. நடக்கத் தெரியாதது இடுப்பிலேயே இருந்து இளைத்தது. வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மாவோ வீட்டில் எல்லோருக்குமாகப் பங்கு போனது. அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? பசித்த வீட்டில் ஒரு வாய்க்கு மட்டும் என்று எந்தத் தாய் எடுத்து வைப்பாள்?

இந்தக் கதையை நான் தேடிப் போனதற்குக் காரணம் எங்கள் தெருமுனைப் பால்வாடி. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் இருக்கிறேன். அக்கா மகளைக் கொண்டுவிடப் போகும்போதெல்லாம் அங்கே எடை போடுவதைப் பார்ப்பேன். போட்டு முடித்ததும் டீச்சர் கைபேசியில் எதையோ தட்டுவார். அந்த எண் எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கியதில்தான் கொட்டாம்பட்டி வந்து நின்றது.

அப்போதைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், 1980இல் முன்னோட்டமாக ஆரம்பித்தது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கி 3.2 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளையும் மாதம் தவறாமல் எடை போட வேண்டும். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு ஏறினால் சரி. ஏறாமல் படுத்தாலோ, பிள்ளை ஏற்கெனவே மிகவும் நலிந்திருந்தாலோ, அதற்கு மட்டும் தினமும் மையத்தில் வைத்து லட்டு ஊட்டுவார்கள். தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்துப் பிடித்த லட்டு. 90 நாள் கழித்துப் பார்க்கும்போது அரைக் கிலோ ஏறியிருந்தால் லட்டு நிற்கும். ஏறவில்லையென்றால் வேறு நோய் ஏதும் உண்டா என்று சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும், லட்டும் தொடரும். எந்தச் சமயத்திலும் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் எடையைவிட எடையின் போக்கைப் பார்த்தார்கள். இந்த யோசனை வந்தது நைஜீரியாவிலிருந்து. 1950களில் இமேசி-இலே என்ற ஊரில் வேலை செய்த டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், தாய் கையிலேயே வைத்துக்கொள்ளும்படி ஒரு வளர்ச்சி அட்டையை உருவாக்கினார். ஒல்லியான பிள்ளை ஒல்லியாகவே ஏறிக்கொண்டிருக்கலாம், கவலையில்லை. கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளை மூன்று மாதமாக ஏறாமல் நிற்கலாம். கண்ணுக்குத் தெரியாது, கோட்டில் தெரியும். பெற்ற தாயின் கண்ணுக்கே தெரியாத ஒன்றை ஒரு பென்சில் கோடு சொல்லும் என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் இந்த விதியின் மறுபக்கத்தையும் யோசியுங்கள். ஒரு திண்ணையில் நாலு பிள்ளைகள். ஒன்றுக்கு லட்டு. மற்ற மூன்றும் பார்த்துக்கொண்டிருக்கும். தேறிய பிள்ளைக்குத் தேறியதற்குப் பரிசாக லட்டு நின்றுபோகும். காகிதத்தில் இது சிக்கனம், திண்ணையில் இது அநியாயம். அந்த அநியாயத்தை முகத்துக்கு நேரே விளக்கிச் சொல்ல வேண்டியவர் உலக வங்கி அதிகாரி இல்லை, அதே ஊர்க்காரப் பெண் ஒருத்தி.

அந்தப் பெண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த இடம். உள்ளூரில் குடியிருக்க வேண்டும், கொஞ்சம் படித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வழக்கமானவை. கூடவே இன்னொன்று: ஏழை வீட்டுப் பெண்ணாகவும், அவளுடைய பிள்ளைகள் நன்றாக வளர்ந்தவையாகவும் இருந்தால் விசேஷம். இருப்பதை வைத்துப் பிள்ளையைத் தேற்ற முடியும் என்பதற்கு அவளே சாட்சி. 'உனக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிடுவ' என்று அவளை யாரும் வாயடைக்க முடியாது. பத்து மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்று வைத்ததால் மாட்டிக்கொண்டால் கேட்கவும் ஆள் இருந்தது.

எடை போடுவது அத்தனை சுலபமான காரியமும் இல்லை. 'புள்ளைய எடை போட்டா இளைச்சிரும், கண்ணு பட்டுரும்' என்பார் என் பாட்டி. கோயிலில் துலாபாரம் என்றால் அதே பாட்டி முதலில் நிற்பார், அது வேறு விஷயம். அங்கே தராசின் மறுதட்டில் வெல்லமோ சர்க்கரையோ வைத்து சாமிக்குக் கொடுக்கிறோம். இங்கே எடை குறைந்தால் வெல்லம் நமக்கு வருகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்றால், அது அந்தப் பெண்களின் வாய்ச் சாமர்த்தியம்.

நடுவில் 1982 வந்தது. ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்தில் இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, எல்லோருக்கும் சோறு. தராசும் இல்லை, கோடும் இல்லை. பணம் எங்கிருந்து வரும், இது ஓட்டுக்கான வேலை என்று படித்தவர்கள் பேசினார்கள். ஆக, ஒரே மாநிலத்தில் இரண்டு நியாயங்கள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. யாருக்குத் தேவை என்று அளந்து கொடு என்பது ஒன்று. வரிசையில் நிற்கிற பிள்ளையை ஏன் என்று கேட்காதே என்பது மற்றொன்று.

இதில் எது சரி என்று பட்டிமன்றம் வைக்கிற ஆசை எனக்கில்லை. சத்துணவுக் கூடத்துப் பெரிய கரண்டி எட்டு மாதக் குழந்தைக்கு எட்டாது. அதற்குத் தராசு வேண்டும். ஆனால் தராசுக்கு யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள். சத்துணவைக் கை வைத்தால் ஆட்சிக்கே ஆபத்து என்று பின்னால் வந்த எல்லா முதல்வர்களுக்கும் தெரியும், அதனால் அது நின்றது, முட்டை சேர்ந்தது, இப்போது காலை உணவும் வந்திருக்கிறது. அளந்து கொடுத்த லட்டுக்காக எந்த ஊரிலும் சாலைமறியல் நடந்ததாக நான் படித்ததில்லை.

1989இல் முதல் கட்டம் முடிந்தபோது 173 ஒன்றியங்களில் சுமார் 9,000 மையங்கள் இருந்தன. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. உலகம் முழுக்க இதைப் பாடமாக எடுத்துப் பேசினார்கள். 1990இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அவ்வளவு மினுங்கவில்லை. கடுமையான நலிவு மேலும் குறைந்தது, நடுத்தர நலிவு அசைய மறுத்தது. சாகும் நிலையிலிருந்து பிள்ளையை இழுத்துப் போடுவதற்கும், அது நன்றாக வளர்வதற்கும் நடுவில் கிணறு, கழிவறை, கூலி, தாயின் ரத்தச்சோகை எல்லாம் கிடக்கின்றன. லட்டால் அவ்வளவையும் தாண்ட முடியாது.

இதோடு கதை முடிந்திருந்தால் சாதனைக் கட்டுரையாக இருந்திருக்கும். வேலூர்ப் பக்கம் கே.வி. குப்பத்தில் வேறொன்று நடந்தது. எல்லோரும் எடை போடுகிறோமே, எடை போடுவதாலேயே ஏதாவது நன்மை உண்டா என்று ஆய்வாளர்கள் சிலர் கேட்டார்கள். 12 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆறில் மாதாமாதம் எடை, அட்டை, கோடு, அதை வைத்துத் தாயிடம் பேச்சு. மற்ற ஆறில் அட்டை கிடையாது. மருத்துவ உதவியும் வீடு தேடிப் போய் யோசனை சொல்வதும் மட்டும் அதே அளவு. இரண்டரை வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஒரே மாதிரித் தேறியிருந்தார்கள். 1993இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு இது. தேற்றியது வீடு தேடி வந்த ஆளும் மருந்தும். அட்டை தன் பங்குக்கு எதையும் கூட்டவில்லை. தராசுகளை விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் கசந்திருக்கும்.

அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் சாபு ஜார்ஜ். எடை போடுவதற்காக அந்தக் கிராமங்களில் கர்ப்பங்களையும் பிறப்புகளையும் விடாமல் பதிவு செய்துவந்தார்கள். அந்தப் பதிவேட்டில் வேறொன்று தெரிந்தது. பிறந்த பிள்ளைகளில் சில, எடை போடும் நாள் வருவதற்குள்ளேயே இல்லை. அநேகமாகப் பெண் பிள்ளைகள். 12 கிராமங்களில் சிலவற்றில் பெண்சிசுக்கொலை நடந்துகொண்டிருந்ததை அந்தக் குழுவினர் 1992இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே வருடம். சாபு ஜார்ஜ் அதற்கப்புறம் தராசை விட்டுவிட்டார் என்றே சொல்லலாம். கருவிலேயே பெண்ணைக் கண்டுபிடித்துக் கலைப்பதற்கு எதிரான சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லி 2000இல் உச்ச நீதிமன்றம் போன மனுதாரர்களில் அவரும் ஒருவர்.

எடைப் பதிவேட்டைப் படிக்க இரண்டு வழி உண்டு என்று இதைப் படித்தபின் எனக்குத் தோன்றியது. இருக்கிற எண்களைப் படிப்பது ஒன்று. இருந்திருக்க வேண்டிய பெயர் ஏன் இல்லை என்று படிப்பது இன்னொன்று. 1973 அறிக்கையின் பெரிய உபகாரமும் இரண்டாவது வகைதான்: சாப்பாட்டு வரிசையில் நிற்காத பிள்ளையைக் காட்டியது.

முடிச்சூருக்கு வருகிறேன். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆனபோது எங்கள் ஊர் அதில் சேரவில்லை. ஆனால் அடுக்குமாடிகளுக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரை, இந்தப் பக்கம் மண்ணிவாக்கம் வரை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 சதவீதம் எடை குறைவு, 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லை. இந்தியச் சராசரியைவிட எவ்வளவோ மேல். நாலில் ஒன்று என்பது நம் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தால் அவ்வளவு மேலாகத் தெரியாது. 'நம்ம புள்ளைங்க குட்டைதான், வம்சம் அப்படி' என்பதும் இனிச் செல்லாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் வசதியாக வளர்ந்த பிள்ளைகளை அளந்து 2006இல் புதிய அளவுகோல் வெளியிட்டது. டெல்லிப் பிள்ளையும் நார்வேப் பிள்ளையும் நல்ல சாப்பாடும் சுகாதாரமும் கிடைத்தால் ஐந்து வயதுவரை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கின்றன.

பால்வாடி டீச்சரிடம் ஒருநாள் கேட்டேன், இந்த ஆப்பில் ஏற்றுகிற எடை என்ன ஆகிறது என்று.

"மேல போவுது தம்பி."

"அப்புறம்?"

"அப்புறம் அங்கேருந்து போன் வரும், இந்த மாசம் இன்னும் ஏழு புள்ளைக்கு ஏத்தலைன்னு." சிரித்தார். "எடை கொறைஞ்ச புள்ளைக்கு என்ன பண்றதுன்னு அந்த போன் கேக்காது. அத நாந்தான் பாத்துக்கணும். சத்துமாவுல கூடக் கொஞ்சம் குடுப்பேன். அம்மா வேலைக்குப் போறவளா இருந்தா அந்தப் பாட்டிய புடிச்சுப் பேசுவேன்."

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் முங்கியபோது அவருடைய பதிவேடுகள் எல்லாம் போய்விட்டன. தண்ணீர் வடிந்து மறுபடி எழுத உட்கார்ந்தபோது முக்கால்வாசிப் பிள்ளைகளின் எடையை மனதிலிருந்தே எழுதினாராம். "கையில தூக்குன புள்ளைதானே தம்பி."

அவருடைய மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அதில்தான். ஆதார் முகவரி வேறு மாநிலம், தாயின் கைபேசி எண் மாதத்துக்கு ஒருமுறை மாறும், கட்டடம் முடிந்தால் குடும்பமே வேறிடம் போய்விடும். அதனால் ஆப்பில் அவர்களை ஏற்றுவது பெரும் பாடு. தகரக் கொட்டகைக்கே போய்த் தூக்குத் தராசில் போட்டுப் பார்த்து, காதில் விழுந்தபடி பெயரைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். சில பெயர்களுக்கு எதிரே எடை. சிலவற்றுக்கு எதிரே 'முட்டை கொடுத்தது' என்று மட்டும். ஜூன் மாதம் நான் பார்த்தபோது பதினோரு பெயர்கள் இருந்தன.