வக்காண்டாவைத் தேடி எங்கேயும் போக வேணாம்... திருமயம் பக்கம் வாங்க!

'பிளாக் பாந்தர்' படம் பார்த்திருப்பீங்க. மலைகளுக்கு நடுவுல வக்காண்டான்னு ஒரு கற்பனை நாடு. அரசனாகப் போறவன் மூலிகைச் சாறு குடிச்சு, மண்ணுக்குள்ள புதைஞ்சு, இறந்துபோன அப்பாவைப் பார்த்துப் பேசிட்டு வருவான். 2018-ல் தியேட்டரில் விசிலடிச்ச நமக்கு, சொந்தத் தாத்தாவோட அப்பா பெயர் என்னன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம்.

செத்தவங்களோட உறவை முறிச்சுக்காத மலைநாடுகள் நிஜத்திலும் உண்டு. மடகாஸ்கரின் நடு மேட்டுநிலத்தில் 'ஃபமதிஹானா'ன்னு ஒரு சடங்கு. சில வருடங்களுக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, முன்னோரின் எலும்புகளை எடுத்து, புதுத் துணி சுற்றி, மேளதாளத்தோட தூக்கிக்கிட்டு ஆடுவாங்க. இந்தோனேசியாவின் சுலவேசி மலைகளில் வாழும் தொராஜா மக்களில் சிலர், பதப்படுத்திய உடல்களையே வெளியில் எடுத்துச் சுத்தம் பண்ணி, புது டிரெஸ் போட்டுவிடுவாங்க. நம்ம நீலகிரித் தோடர்களுக்கு, இறந்தவர் போய்ச் சேரும் உலகம் மேற்குத் திசையில் இருக்கு.

முதல் ரெண்டிலும் புதுத் துணி வருது, கவனிச்சீங்களா? அதை மனசுல வெச்சுக்கிட்டு புதுக்கோட்டை – காரைக்குடி ரோட்டில் இருக்கிற திருமயத்துக்கு வாங்க.

திருமயம்னா கூகுள் முதலில் காட்டுறது 1687-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. அப்புறம் ஒரே பாறையைக் குடைந்து பக்கத்துப் பக்கத்துல இருக்கிற சிவன், பெருமாள் கோயில்கள். செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, ராங்கியம்னு சுத்துப்பட்டில் இருக்கும் நகரத்தார் ஊர்களில்தான் நம்ம கதை இருக்கு.

பெட்டிக்குள்ள ஒரு புடவை

நகரத்தார் வீடுகளில் 'படைப்பு'ன்னு ஒண்ணு உண்டு. இது கோயில் திருவிழா இல்லை. அந்தக் குடும்பத்தில் வாழ்ந்து மறைந்தவங்களுக்கு, அந்த வீட்டிலேயே, பங்காளிகள் எல்லாரும் கூடிச் செய்கிற வழிபாடு. புதுப் புடவை, வேட்டி வைத்து, சமைச்சதை இலை போட்டுப் படைச்சு, விழுந்து கும்பிடுவாங்க. படைத்த துணியைப் பெட்டியில் பத்திரமா வைக்கிற பழக்கமும் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற குடும்பங்களும் இருக்கு, கல்யாணம் மாதிரி நல்ல காரியத்துக்கு முன்னாடி செய்கிறவங்களும் இருக்காங்க. முறை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒரு வீட்டு வழக்கத்தை வெச்சு இன்னொரு வீட்டைத் தப்புன்னு சொல்லிட முடியாது.

நகரத்தார் மட்டும்தான்னு நினைக்க வேணாம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'பட்டவன்' சாமி உண்டு. சண்டையிலோ, ஊரைக் காக்கப் போயோ உயிரைவிட்ட ஆள்தான் பட்டவன். பழைய நடுகல் கல்வெட்டுகளிலும் 'பட்டான்'னுதான் இருக்கும், செத்தான்னு அர்த்தம். கல்யாணம் ஆகாம இறந்த பொண்ணுக்குச் சேலை வைத்துக் கும்பிடுகிற வீடுகள் தென்மாவட்டம் முழுக்க உண்டு. 'சீலைக்காரி' என்ற சாமிப் பெயரே அதைத்தான் சொல்லுது.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு கட்டம் சொல்லுது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. அதாவது கல்லைத் தேடிப் பார்க்கிறதில் ஆரம்பிச்சு, குளிப்பாட்டி, நட்டு, படையல் போட்டு வாழ்த்துறது வரைக்கும். அந்தப் 'பெரும்படை'யும் ராயவரத்து 'படைப்பு'ம் ஒரே வேர்ச்சொல்தான். இதுக்கும் முந்தின ஆட்களைப் பார்க்கணும்னா சித்தன்னவாசல் பக்கம் போங்க. ஓவியம் இருக்கும் குன்றுக்குப் போகிற வழியிலேயே, இரும்புக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்காக அமைத்த கல்வட்டங்கள் கிடக்கு. முக்கால்வாசிப் பேர் அதை வெறும் பாறைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க.

வீடு போனா?

இப்போ ஒரு சிக்கல். படைப்பு நடக்கிற பூர்வீக வீடு ஒருத்தருக்குச் சொந்தமில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் பண்ணியவர் கட்டிய வீடு, பிள்ளைகள், பேரன்களுக்குன்னு பிரிஞ்சு பிரிஞ்சு, இன்னைக்கு பல பங்காளிகளுக்குப் பொது. ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில், இன்னொருத்தர் அமெரிக்காவில். ஓடு மாத்துற செலவை யார் போடுறதுங்கிற பேச்சே வருஷக்கணக்கில் இழுக்கும். கடைசியில் சில வீடுகளை இடிச்சு, தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போயிடுது. அங்கே உங்க ஃபேவரைட் கஃபேக்காரர் வாங்கிட்டு வந்து மாட்டியிருப்பார். தூண் போனதுகூடப் பரவாயில்லைன்னுதான் சொல்வேன், எங்கேயோ ஒரு இடத்தில் நிக்குது. பங்காளிகள் கூட ஒரு காரணம் இல்லாமப் போறதுதான் பெரிய நஷ்டம். இதனாலேயே சில குடும்பங்கள் சண்டை, வழக்கு எல்லாம் தாண்டியும் அந்த வீட்டை விடாமப் பிடிச்சு வெச்சிருக்காங்க.

பெயர் விஷயத்திலும் இவங்க ஒரு வேலை பண்ணி வெச்சிருக்காங்க. பேரனுக்குத் தாத்தா பெயர், பேத்திக்குப் பாட்டி பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாதுங்கிறதால், பிள்ளையை வீட்டில் வேற பெயரில் கூப்பிடுவாங்க. ஆதாரில் ஒரு பெயர், அப்பத்தா வாயில் ஒரு பெயர். ஆனா ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும்.

உங்க வீட்டில் படைப்பு இல்லைன்னா என்ன, போன் இருக்கே. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு அப்பத்தாகிட்ட உட்காருங்க. "நம்ம பரம்பரையைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா, "என்னத்தச் சொல்ல"ன்னு முடிச்சிடுவாங்க. "உங்களை யார் பொண்ணு பார்க்க வந்தா?"ன்னு கேளுங்க. வந்தவங்க பெயர், ஊர், உறவு எல்லாம் தானா வரும். பாட்டன், பூட்டன் பெயர் பத்திரத்தில் கிடைச்சிடும், அவங்க மனைவிகள் பெயர் பெரும்பாலும் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அதை முதலில் கேட்டு வாங்குங்க. ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லிடுங்க. அடுத்தவங்க வீட்டுப் படைப்புக்கு அழைப்பு வந்தா, கேட்காம ரீல்ஸ் எடுக்காதீங்க. அது அவங்க வீட்டு விஷயம்.

வயலோரத்தில் எழுத்து செதுக்கிய கல்லோ, வாளோட நிக்கிற வீரன் உருவமோ கண்ணில் பட்டா, படிக்கிறதுக்காக மாவு, சுண்ணாம்பு எதையும் தேய்க்காதீங்க. காலையிலோ சாயங்காலமோ, வெயில் சாய்வா விழுகிற நேரத்தில் போட்டோ எடுத்தா எழுத்து தன்னாலே எடுப்பா தெரியும். எந்த ஊர், எந்த இடம்னு குறிச்சு, திருக்கோகர்ணத்தில் இருக்கிற புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்க.